கடனோடு கப்பல் ஏறாதீர்கள்

கேள்வி:

வண்டிப்பெரியாறு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வசிக்கிறோம். எனக்கு வயது 24. ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோ முடித்துவிட்டு, தேக்கடியில் ஒரு ரிசார்ட்டில் இரண்டு ஆண்டுகளாகப் பரிமாறும் பிரிவில் இருக்கிறேன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து இப்போதுதான் ஓய்வு பெற்றார். கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கு இன்னும் மூன்று ஆண்டு வேலை இருக்கிறது. அதன் பிறகு லயத்தைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் கூடலூர் பக்கமோ இங்கேயோ ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்று சொகுசுக் கப்பல் வேலைக்கு முயற்சி செய்கிறேன். கம்பத்தில் ஓர் ஏஜென்ட் 2,75,000 ரூபாய் கேட்கிறார். மாதம் ஒன்றரை லட்சம் சம்பளம், சாப்பாடும் அறையும் இலவசம் என்கிறார். 25,000 கொடுத்துவிட்டேன். பாஸ்போர்ட்டும் அவரிடம் இருக்கிறது. மீதியை அப்பாவின் பணிக்கொடையிலிருந்து கொடுப்பதாக இருக்கிறோம். கப்பல் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? அம்மா பயப்படுகிறார். எனக்கு நீச்சலும் தெரியாது. போகலாமா?

பதில்:

தம்பி, போகலாம். ஆனால் இந்த ஏஜென்ட் வழியாக வேண்டாம். அப்பாவின் பணத்தை வைத்தும் வேண்டாம். சொகுசுக் கப்பல்களின் உணவுக்கூடத்தில் தொடங்கி ஊழியர் நிர்வாகம்வரை வேலை பார்த்தவன் நான். இப்போது கொச்சியில் இந்த வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கடலும் இல்லை, நீச்சலும் இல்லை. அந்த 2,75,000 ரூபாய்தான்.

கப்பல் வேலை வாங்கித் தருவதற்காக ஊழியரிடம் யாரும் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006 என்ற சர்வதேச ஒப்பந்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. 2013 ஆகஸ்டு முதல் நடைமுறையில் இருக்கும் இந்த உடன்படிக்கையை 2015-இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. மாலுமிகளுக்கு மட்டும்தானே என்று ஏஜென்ட் சொல்லக்கூடும். பரிமாறுபவர், அறை சுத்தம் செய்பவர், பாத்திரம் கழுவுபவர் எல்லோரும் அந்தச் சட்டத்தின் கண்ணில் கப்பல் பணியாளர்களே. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, கப்பல் பணியாளர் புத்தகமான சி.டி.சி. ஆகியவற்றின் செலவு உங்களுடையது. விசாச் செலவைக்கூட கப்பல் நிறுவனம்தான் ஏற்க வேண்டும். வேலையைப் பெற்றுத் தருவதற்கான கூலியை நிறுவனமே தன் ஆளெடுக்கும் அலுவலகத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அப்படியிருக்க உங்களிடம் கேட்பது எதற்கு?

இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் அலுவலகம் ஒவ்வொன்றும் மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்திடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். எல்லோரும் அதை ஆர்.பி.எஸ்.எல். என்பார்கள். டி.ஜி. ஷிப்பிங் எனப்படும் அந்த இயக்குநரகத்தின் இணையதளத்தில் உரிமம் உள்ளவர்களின் பட்டியல் இருக்கிறது. கம்பத்து ஏஜென்டின் பெயரை அதில் தேடுங்கள். "நான் மும்பை அலுவலகத்தின் ஆள்" என்று சொன்னால், பட்டியலில் உள்ள அந்த மும்பை அலுவலகத்தின் எண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள். அவர் கொடுக்கும் எண்ணுக்குச் செய்யாதீர்கள். உண்மையான அலுவலகத்தின் பெயரையும் உரிம எண்ணையும் லெட்டர்ஹெட்டில் அச்சடித்துக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு.

இன்னும் சில அடையாளங்களையும் பாருங்கள். நேர்காணல் வைக்காமலேயே வேலை உறுதி என்கிறாரா? கப்பலின் பெயரையும், அது பதிவாகியிருக்கும் கொடி நாட்டையும் சொல்ல மறுக்கிறாரா? முதலில் சுற்றுலா விசாவில் வேறொரு நாட்டுக்குப் போய்விட்டு அங்கிருந்து கப்பல் ஏறலாம் என்கிறாரா? இந்திய சி.டி.சி.க்குப் பதிலாக ஏதோ ஒரு நாட்டு சி.டி.சி.யைக் காசுக்கு வாங்கித் தருகிறேன் என்கிறாரா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள். இந்த வழியில் போன பிள்ளைகள் சொகுசுக் கப்பலை எட்டுவதே இல்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய சரக்குப் படகில் சம்பளமில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் என்னிடம் பேசும்போது எனக்கு வரும் கோபத்தை இங்கே எழுத்தில் கொண்டுவர முடியாது.

ஆகவே இந்த வாரமே போய் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள். அப்பாவையோ தோட்டத்துத் தொழிற்சங்கத்து ஆள் ஒருவரையோ உடன் அழைத்துப் போங்கள். பாஸ்போர்ட்டைப் பிணையாகப் பிடித்து வைக்கத் தனியார் எவருக்கும் அதிகாரம் கிடையாது. கொடுத்த 25,000-க்கு ரசீதோ, வங்கிப் பரிமாற்றமோ, வாட்ஸ்அப் செய்தியோ எது இருந்தாலும் பத்திரமாக எடுத்து வையுங்கள். மறுத்தால் போலீஸில் புகார் கொடுங்கள். ஏஜென்ட் இருப்பது தமிழ்நாட்டில், நீங்கள் இருப்பது கேரளத்தில். அதைக் காட்டி ஒரு ஸ்டேஷனில் இருந்து இன்னொரு ஸ்டேஷனுக்கு உங்களை அலைக்கழிக்கப் பார்ப்பார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் வழக்குப் பதிந்தாக வேண்டும். இதை ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். குமுளியிலேயே கொடுக்கலாம். அதுவே கம்பத்துக்குப் போய்ச் சேரும். 25,000 திரும்ப வராமல் போகலாம். அதற்காக மீதி இரண்டரை லட்சத்தையும் அதன் பின்னால் அனுப்பக் கூடாது.

பணம் கொடுக்காதீர்கள் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஏமாந்துவிடுவீர்கள் என்ற பயம் மட்டும் காரணமில்லை. ஏஜென்ட் நேர்மையானவராகவே இருந்து, உண்மையான கப்பலில் ஏற்றிவிட்டாலும் இதையேதான் சொல்வேன். கடன் வைத்துக்கொண்டு கப்பலில் ஏறுகிறவன் வாய் திறக்க மாட்டான். சட்டம் அவனுக்கு எத்தனை உரிமை கொடுத்திருந்தாலும், ஊரில் அடைக்க வேண்டிய பணம் அத்தனையையும் பறித்துவிடும். நிர்வாகப் பிரிவில் இருந்தபோது நான் நேரில் கண்டது இது. கையில் வெந்நீர் கொட்டிக் கொப்பளித்த பிறகும் மருத்துவமனைக்குப் போகாமல் கையுறைக்குள் மறைத்து வேலை பார்த்த பையன்கள் இருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். கப்பலில் காயமோ நோயோ வந்தால் சிகிச்சைச் செலவு நிறுவனத்துடையது. வேலை செய்ய முடியாத நிலையில் குறைந்தது 16 வாரத்துக்கு அந்தப் பொறுப்பு அவர்களுக்கு உண்டு. இதைச் சொல்லி அழைத்தால்கூட அந்தப் பையன்கள் வர மாட்டார்கள். உங்கள் அப்பாவின் பணிக்கொடை, அவர் உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் கூலி என்று சேர்ந்த பணம். அதைத் தோளில் சுமந்துகொண்டு கப்பலில் ஏறினால் நீங்களும் அந்தப் பையன்களில் ஒருவராகிவிடுவீர்கள்.

சரி, நேர் வழி எது? சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்திலேயே இந்தியாவில் யார் மூலம் ஆள் எடுக்கிறோம் என்று போட்டிருக்கும். அந்தப் பெயரை ஆர்.பி.எஸ்.எல். பட்டியலோடு ஒத்துப் பார்த்து விண்ணப்பியுங்கள். ரிசார்ட் அனுபவச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். எந்தெந்தப் பிரிவில் வேலை பார்த்தீர்கள், காலை பஃபேயா, இரவு உணவா, பார் வேலை தெரியுமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நேர்காணலில் ஆங்கிலத்தைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். இலக்கணம் கொஞ்சம் பிசகினாலும் பாதகமில்லை. விருந்தினர் சொல்வது புரிகிறதா, தயங்காமல் பதில் வருகிறதா என்று கவனிப்பார்கள். தேக்கடியில் வெளிநாட்டவர்களுக்குப் பரிமாறிய இரண்டு ஆண்டுகள் உங்களுக்கு அங்கே கை கொடுக்கும்.

தேர்வான பிறகு மருத்துவப் பரிசோதனை இருக்கும். இதற்கு டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். பிறகு எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேச விதிப்படியான அடிப்படைப் பயிற்சி. கடலில் உயிர் பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, பணியிடப் பாதுகாப்பு, கப்பல் காவல் ஆகியவை அதில் வரும். கொச்சியிலும் சென்னையிலும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் உள்ளன. கட்டணத்தை நேரே நிறுவனத்தில் கட்டி ரசீது வாங்குங்கள். பயிற்சிக்குப் போகாமலேயே சான்றிதழ் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல் என்றால் சி1/டி என்ற விசா தேவைப்படும். தேர்வாவதற்கு முன்பே பயிற்சிக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். கப்பல் ஏறுமுன் கையெழுத்திடும் வேலை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க உங்களுக்கு அவகாசம் தர வேண்டும். அதுவும் சட்டம். படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இனி கப்பல் வாழ்க்கை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏஜென்ட் காட்டும் வீடியோக்களில் இது வராது.

உங்கள் அறை பெரும்பாலும் கடல் மட்டத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். ஜன்னல் இருக்காது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கை, ஆளுக்கு ஒரு குறுகிய அலமாரி, நின்றுகொண்டு திரும்பினால் முழங்கை இடிக்கும் ஒரு குளியலறை. படுக்கையைச் சுற்றி ஒரு திரை இருக்கும். அந்தத் திரைக்கு உள்ளே இருப்பது மட்டுமே உங்களுக்கே உங்களுக்கான இடம். விளக்கை அணைத்தால் நடுப்பகலும் நள்ளிரவும் ஒன்றுதான். கூட இருப்பவர் பிலிப்பைன்ஸ்காரராகவோ இந்தோனேசியராகவோ கோவாக்காரராகவோ இருக்கலாம். அவருடைய வேலை நேரம் வேறாகவும் இருக்கலாம். நீங்கள் தூங்கும்போது அவர் ஷூ போட்டுக்கொண்டிருப்பார். சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டார் இருமுவதையும் கேட்டு லயத்தில் வளர்ந்தவர் நீங்கள். நகரத்துத் தனி அறையில் வளர்ந்த பிள்ளைகளைவிட இந்த நெருக்கம் உங்களுக்குச் சீக்கிரம் பழகிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

முதல் காண்ட்ராக்டில் உங்களுக்கு உதவிப் பரிசாரகர் வேலையோ, பஃபே கூடத்தில் மேசை துடைக்கும் வேலையோ கிடைக்கலாம். காலை உணவுக்கு ஆறு மணிக்குள் நிற்க வேண்டும். பத்து மணிவரை அது போகும். சிறிது இடைவெளிக்குப் பின் மதிய உணவு. மறுபடி இடைவெளி. மாலை ஐந்திலிருந்து இரவு உணவுக்கு ஆயத்தம். பெரிய உணவுக்கூடங்களில் இரவில் இரண்டு பந்தி. முதல் பந்தி எழுந்த அரை மணிக்குள் மேசைவிரிப்பு, கரண்டி, கண்ணாடிக் கோப்பை எல்லாம் மாற்றி அடுத்த பந்தியை அமர்த்த வேண்டும். மூடி போட்ட தட்டுகளை அடுக்கடுக்காகத் தட்டத்தில் வைத்துத் தோளில் ஏந்தி, கப்பல் ஆடினாலும் சாயாமல் வர வேண்டும். முடிந்து படுக்கும்போது இரவு பதினொன்றரை ஆகிவிடும். ஞாயிறு, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று முழு விடுமுறை நாள் ஒன்றுகூடக் கிடையாது. ஒப்பந்தம் முடியும்வரை வாரத்தின் ஏழு நாளும் வேலைதான். ரிசார்ட்டில் வாரம் ஒரு நாள் வீட்டுக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுத் திரும்புகிறீர்களே, முதல் இரண்டு மாதம் அதற்காகத்தான் ஏங்குவீர்கள்.

சட்டப்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஏழு நாளில் 77 மணி நேரம். அந்தப் பத்து மணி நேரத்தை இரண்டு துண்டுகளுக்கு மேல் பிரிக்கக் கூடாது. அதில் ஒரு துண்டு தொடர்ச்சியாக ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். இந்தக் கணக்கு பதிவேட்டில் ஏறும். நீங்கள் கையெழுத்திட வேண்டும், உங்களுக்கும் பிரதி உண்டு. செய்த நேரத்தைக் குறைத்து எழுதச் சொல்லி மேலாளர்கள் கேட்பதும் உண்டு. கடன் இல்லாதவன் "செய்த நேரத்தைத்தான் எழுதுவேன், ஐயா" என்று பணிவாகச் சொல்லிவிடுவான். அப்படிச் சொன்ன பையன்களை நான் மதித்திருக்கிறேன். அவர்கள்தான் தலைமைப் பரிசாரகர்வரை உயர்ந்தும் இருக்கிறார்கள்.

சுத்தம் என்று ஒன்று இருக்கிறது. அதைக் கப்பலில்தான் நிஜமாகக் கற்றுக்கொள்வீர்கள். பல கப்பல்களில் மேசை துடைக்க மூன்று வாளி வைத்திருப்பார்கள். சிவப்பு வாளியில் சோப்பு நீர், சாம்பல் நிற வாளியில் நல்ல நீர், வெள்ளை வாளியில் கிருமிநாசினி கலந்த நீர். சிவப்பு, சாம்பல், வெள்ளை என்ற வரிசை எக்காரணத்தாலும் மாறக் கூடாது. வெள்ளை வாளியில் மருந்தின் அளவு சரிதானா என்று சிறு காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்ப்பார்கள். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில் அந்த நாட்டுச் சுகாதார அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமல் ஏறிச் சோதிப்பார்கள். 1970-களிலிருந்து நடக்கும் திட்டம் அது. நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். 85 அல்லது அதற்குக் கீழே போனால் தோல்வி. குளிர்ந்த உணவு 5 டிகிரிக்கு மேலும், சூடான உணவு 57 டிகிரிக்குக் கீழும் போகக் கூடாது. அதிகாரி வருகிறார் என்ற செய்தி பரவியதும் சமையலறை முழுவதும் நிமிர்ந்து நிற்கும். இத்தனை கெடுபிடிக்கும் காரணம் உண்டு. நோரோவைரஸ் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி ஒரு கைப்பிடியில் தொடங்கி மூன்றே நாளில் கப்பல் முழுக்கப் பரவிவிடும். அந்த மாதிரி வாரம் வந்தால் பரிமாறும் கரண்டியைக்கூடப் பயணி தொட விட மாட்டார்கள். எல்லாம் உங்கள் கையால்தான் போட வேண்டும்.

பயணிகள் இறங்கி, அடுத்த கூட்டம் ஏறும் நாள்தான் மிகக் கடினமான நாள். காலையில் ஆயிரக்கணக்கானோர் இறங்குவார்கள். மதியத்துக்குள் அதே அளவு ஆட்கள் ஏறத் தொடங்குவார்கள். அதற்குள் அறைகள், உணவுக்கூடங்கள், பெட்டிகள் எல்லாம் தயாராக வேண்டும். பலமுறை புதிய ஊழியரின் முதல் நாளும் அதுவாகத்தான் அமைகிறது. நெடும் விமானப் பயணம் முடிந்து, கண் எரிய, ஊர் பேர் தெரியாத துறைமுகத்தில் கப்பலுக்குள் நுழைந்து, சீருடை வாங்கி, பாதுகாப்புப் பயிற்சிக்குப் போய், மாலையே பரிமாற நிற்க வேண்டியிருக்கும். அழுகை வரும். பெரும்பாலோருக்கு வருகிறது. பத்து நாள் தாங்கினால் பிறகு கால்கள் தாமே வழி கண்டுபிடித்துவிடும்.

பரிமாறுவது உங்கள் வேலையில் பாதிதான். ஆபத்துக் காலத்தில் பயணிகளைக் காப்பாற்றுவது மறுபாதி. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் பொது அபாய அறிவிப்பு. தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு உங்களுக்கென்று எழுதிக் கொடுத்த இடத்துக்குப் போக வேண்டும். மாடிப்படி முனையில் நின்று வழி காட்டுவதோ, கூடுமிடத்தில் தலை எண்ணுவதோ, உயிர்காப்புப் படகுக்கு ஆட்களை அனுப்புவதோ உங்கள் பொறுப்பாக இருக்கும். வாரம்தோறும் ஒத்திகை நடக்கும். உறக்கம் கெட்ட நாளில் ஒத்திகை எரிச்சலைத் தரும். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலிக் கடற்கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். பயணிகளைப் படகுகளில் ஏற்றிவிட்டவர்களில் உங்களைப் போலப் பரிமாறுகிறவர்களும் சமையல்காரர்களும் இருந்தார்கள். இறந்தவர்களில் ஓர் இந்திய ஊழியரும் உண்டு. அந்த விபத்துக்குப் பிறகுதான், கப்பல் புறப்படும் முன்பே அல்லது புறப்பட்ட உடனே பயணிகளுக்கு ஒத்திகை நடத்த வேண்டும் என்ற விதி வந்தது. ஆகவே ஒத்திகையை ஒருநாளும் அலட்சியமாக எண்ணாதீர்கள்.

ஊர் சுற்றிப் பார்க்கலாமா என்றால், பார்க்கலாம், சில மணி நேரம். துறைமுகத்தில் நிற்கும்போதும் ஊழியரில் ஒரு பகுதியினர் கப்பலிலேயே இருந்தாக வேண்டும். அந்த முறை உங்கள் பெயருக்கும் வரும். இறங்கும் நாளில் பலரும் தேடிப் போவது இலவச வைஃபை உள்ள கடையைத்தான், வீட்டுக்கு வீடியோ கால் பேச. ஊழியர் உணவகத்தில் சோறு எப்போதும் இருக்கும். இந்தியர்கள் அதிகம் உள்ள கப்பலில் பருப்பும் குழம்பும் இருக்கும். அம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

சம்பளத்துக்கு வருகிறேன். ஏஜென்ட் சொல்லும் ஒன்றரை லட்சத்தில் நிச்சயமான தொகை எவ்வளவு, பயணிகள் தரும் டிப்ஸை மதிப்பிட்டுச் சேர்த்தது எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் 'உறுதி செய்யப்பட்ட குறைந்தபட்சம்' என்று எது எழுதியிருக்கிறதோ அதை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். அடுத்தது விடுமுறை. எட்டு மாதம் கப்பல் என்றால் இரண்டு மாதம் ஊரில் இருப்பீர்கள். அந்த இரண்டு மாதத்துக்குத் தனியாகச் சம்பளம் வராது. விடுப்புக்கான தொகையும் அந்த எட்டு மாதச் சம்பளத்திலேயே சேர்ந்திருக்கும். ஒரு பேச்சுக்கு ஒன்றரை லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். எட்டு மாதத்தில் 12 லட்சம். பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,20,000. அடுத்த காண்ட்ராக்ட் தேதி தள்ளிப்போனால் இன்னும் குறையும். 2020 மார்ச்சில் உலகம் முழுக்க சொகுசுக் கப்பல்கள் நின்றபோது, ஆயிரக்கணக்கான ஊழியர்கள் மாதக்கணக்கில் கப்பலிலேயே அடைபட்டார்கள். கரைக்கு வந்த பிறகும் நெடுநாள் வேலை இல்லை. கடனில் வீடு தொடங்கியிருந்தவர்கள் பட்ட பாட்டை நான் அறிவேன்.

அதனால் முதல் காண்ட்ராக்டில் அஸ்திவாரம் தோண்ட வேண்டாம். அந்தப் பணம் அப்படியே வங்கியில் கிடக்கட்டும். அதில் ஆறு மாத வீட்டுச் செலவுக்கு ஒதுக்குங்கள். இரண்டாவது காண்ட்ராக்ட் முடிந்து வந்தபின் நிலம் பாருங்கள். அம்மாவுக்கு மூன்று ஆண்டு இருக்கிறது என்கிறீர்கள், அதற்குள் இது முடியும். அப்பாவின் பணிக்கொடையை அவர் பெயரிலேயே வைப்புநிதியாகப் போட்டுவிடுங்கள். கேரள அரசின் லைஃப் வீட்டுத் திட்டத்துக்கு உங்கள் குடும்பம் தகுதி பெறுமா என்று கிராமப் பஞ்சாயத்திலும் விசாரித்து வையுங்கள். லயத்தில் குடியிருப்பவர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை. வெளிநாட்டுச் சம்பளத்துக்கு என்.ஆர்.இ. என்ற, வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு, வரிக்கு நிதியாண்டில் இந்தியாவில் இருந்த நாட்களின் கணக்கு, சி.டி.சி.யில் விழும் சைன் ஆன், சைன் ஆஃப் (கப்பலில் சேர்ந்த, விலகிய) தேதிகள் இவற்றை ஓர் ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

அம்மாவின் பயத்தைப் பற்றி. கப்பல் கவிழ்ந்துவிடும் என்ற பயம் என்றால் மேலே ஒத்திகையைப் பற்றி எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். அவர் பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. அதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனாலோ, அதைவிடப் பெரியது ஏதும் நடந்தாலோ, நீங்கள் உடனே வந்து நிற்க முடியாது. கப்பல் நடுக்கடலில் இருந்தால் அடுத்த துறைமுகம்வரை காத்திருக்க வேண்டும். அங்கிருந்து விமானம், நெடும்பாசேரி விமான நிலையத்திலிருந்து மலையேறி வண்டிப்பெரியாறு. மூன்று நாள் ஆகலாம், நான்கும் ஆகலாம். சில நிறுவனங்கள் அந்த டிக்கெட் செலவை ஊழியர் தலையிலேயே வைக்கும். ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். கிளம்பும் முன் அப்பா, அம்மா இருவருக்கும் முழு உடல் பரிசோதனை செய்துவிடுங்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும், மருத்துவமனைக்கு யார் வண்டி எடுப்பார்கள், வங்கிக் கணக்கை யார் இயக்குவார்கள் என்பதைப் பேசி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அம்மாவின் வாயால் "போயிட்டு வா" என்ற சொல் வந்த பிறகே விண்ணப்பியுங்கள். அம்மாவை அவசரப்படுத்த வேண்டாம்.

கப்பலில் ஏதாவது அநியாயம் நடந்தால் யாரிடம் சொல்வது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஒவ்வொரு கப்பலிலும் புகார் நடைமுறை இருக்க வேண்டும். அதன் பிரதியை ஒப்பந்தத்தோடு உங்களுக்குத் தர வேண்டும். அதில் தீராவிட்டால் ஐ.டி.எஃப். என்ற சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பின் ஆய்வாளர்கள் துறைமுகங்களில் இருக்கிறார்கள். மனம் சோர்ந்த இரவுகளில் பேச, சீஃபேரர்ஹெல்ப் என்ற இலவச உதவி மையம் இரவும் பகலும் இயங்குகிறது. இரண்டின் எண்களையும் கிளம்பும் முன்பே போனில் பதிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக நீச்சல். தெரியாவிட்டாலும் பயிற்சியில் சேரலாம். உயிர்காப்புச் சட்டை அணிந்து உயரத்திலிருந்து நீச்சல்குளத்தில் குதிப்பது, சட்டையோடு மிதந்து நகர்வது, கவிழ்ந்த ரப்பர் தெப்பத்தை நிமிர்த்துவது இவைதான் அங்கே கேட்கப்படும். பயிற்றுநர் பக்கத்திலேயே இருப்பார். மலையில் வளர்ந்த பிள்ளைகள் பலர் முதல் குதிப்புக்குப் பத்து நிமிடம் விளிம்பில் நிற்பார்கள், பிறகு தாங்களே மறுபடி ஏறி வந்து குதிப்பார்கள். இருந்தாலும் தண்ணீரைப் பற்றிய பயம் முன்பே தெளிந்திருந்தால் உங்களுக்கு நல்லது. உங்கள் ரிசார்ட்டில் குளம் இருந்தால் நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, விருந்தினர் இல்லாத நேரத்தில், நீச்சல் தெரிந்த ஒருவர் கரையில் நிற்க, மார்பளவுத் தண்ணீரில் முகம் அமிழ்த்தி மூச்சை மெல்ல வெளியே விடப் பழகுங்கள். பெரியாற்றில் தனியாக இறங்கிப் பழக வேண்டாம், அதுவும் இடவப்பாதி மழைக் காலத்தில் வேண்டவே வேண்டாம்.